கொடுத்துப் பழகிய கை

கேள்வி: ஊரில் யார் கேட்டாலும் கொடுத்த என் அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. பேரப்பிள்ளைகள் மனதில் அவர் நிற்க என்ன செய்யலாம்? (வாசகர், சாத்தூர்)

பதில்: காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் 1957-ல் மறைந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் ஊருக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் அவர். நேரு 1948-ல் வந்து அடிக்கல் நாட்டினார். செட்டியார் தான் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்தார். அவருக்குப் பின் மகள் உமையாள் ராமநாதன் அந்தக் கல்விப் பணியைத் தொடர்ந்தார். படம் மாட்டி மாலை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்!

இப்படி ஒருவர் பெயரைக் கல்வி தாங்கி நிற்பதை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம்: ஸ்ரீ எஸ். ராமசாமி நாயுடு நினைவுக் கல்லூரி 1970 முதல் நடக்கிறது.

கல்லூரி கட்ட எல்லோராலும் முடியாது, உண்மைதான். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற தாய்மார்கள் நிறைந்த பக்கம் அது. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் அந்த வீடுகள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பிள்ளையின் செலவை அப்பா பெயரில் ஏற்றுக்கொள்ளுங்கள். பணத்தைப் பேரன் பேத்தி கையால் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்குகிற குடும்பம் கூசாதபடி, கூட்டம் கூட்டாமல்.

தலைத்திவசத்துக்கு வருகிறவர்களிடம், அப்பா எப்போது, எதற்கு உதவினார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வயதானவர்களை முதலில் கேட்டுவிடுங்கள்.