கிட்டார் பெட்டியைத் திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி

நம்ம பெருந்துறைப் பக்கமும் வீட்டுக்குள்ளேயே எலக்ட்ரிக் கிட்டார் ரெக்கார்டிங் வந்தாச்சுங்க. காலேஜ் பசங்களும் சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களும் ஆன்லைன்ல ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டாரைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி, வாங்கிடுறாங்க. மாட்டினதும் சத்தம் வரலை, இல்லாட்டி கொர்ருங்குது. உடனே "பீஸ் சரியில்லை"ன்னு மறுபடி பார்சல் கட்டுறாங்க. பெட்டி நிஜமாவே கெட்டு வர்றது அபூர்வம். காசில்லாத சோதனை முதல்லயும் கை வேலை கேட்கிறது பின்னாடியுமா எழுதியிருக்கேன், வரிசையாப் பார்த்துட்டு வாங்க.

1. கம்ப்யூட்டருக்குப் பெட்டி வந்ததே தெரியலைன்னா முதல்ல யூஎஸ்பி ஒயரை மாத்துங்க. சார்ஜருக்குன்னு விற்கிற சில ஒயர்ல கரண்ட் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. விளக்கு எரியும், வேலை நடக்காது. பெட்டியோட வந்த ஒயர்ல ஒரு சிவப்பு நூலைக் கட்டி வெச்சுட்டா, போன் சார்ஜ் போட யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.

2. மவுஸ், பென்டிரைவ், கீபோர்டு எல்லாம் தொங்குற ஹப்புல இன்டர்ஃபேஸைச் சொருகாதீங்க. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை கொடுக்கிறதே 500 மில்லியாம்ப்தான், அதையும் பங்கு போட்டா பெட்டி நடுவுல நடுவுல செத்துப் பிழைக்கும். லேப்டாப்னா நேரா உடம்புல சொருகுங்க, டெஸ்க்டாப்னா பின்பக்கத் துளையில சொருகுங்க.

3. கிட்டார் ஒயரைச் சந்தேகப்படுங்க, அதுதான் அதிகமா ஏமாத்தும். வாசிச்சுக்கிட்டே ஜாக் பக்கத்துல லேசா ஆட்டிப் பாருங்க. கரகரன்னா உள்ளே ஈயம் விட்டிருக்கு. திருகிக் கழட்டுற மாதிரி ஜாக்கா இருந்தா, பழைய ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யுறவங்க கிட்ட ஒரு பொட்டு ஈயம் வைக்கச் சொன்னாப் போதும், புது ஒயர் வேண்டாம்.

4. வீட்டு ரெக்கார்டிங்குக்கு மூணு மீட்டர் ஒயர் தாராளம். நீளம் கூடக்கூட மேல் ஸ்தாயியோட பளபளப்பு குறையும். பார்க்க ஒரே மாதிரி இருக்குன்னு ஸ்பீக்கர் ஒயரைக் கிட்டாருக்குப் போடாதீங்க. அதுல சுத்து வலை கிடையாது, ஊர் இரைச்சலெல்லாம் உள்ளே வரும்.

5. ஜாக்கை "டக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. புதுப் பெட்டியோட துளை இறுக்கமா இருக்கும், பாதி போனதுமே போயிடுச்சுன்னு தோணும்.

6. இந்தக் குறிப்பை மட்டும் படிச்சாலும் போதும்: முன்பக்கம் 'இன்ஸ்ட்' இல்லாட்டி 'ஹை-இசட்'னு ஒரு பட்டன் இருக்கும், கிட்டாருக்கு அது ஆன்ல இருக்கணும். கிட்டார் பிக்கப்ல இருந்து வர்ற சிக்னலுக்கு எதிரே சுமார் பத்து லட்சம் ஓம் தடை இருந்தாத்தான் அது தெம்பா நிக்கும். மைக், லைன் துளைகள்ல இருக்கிறது அதைவிட ரொம்பக் கம்மி. பட்டனை விட்டுட்டா சத்தம் மந்தமா, போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். கிட்டார் மட்டம், பிக்கப் மாத்தணும்னு ஆயிரக்கணக்குல செலவுக் கணக்கு போடறவங்க, முதல்ல இந்தப் பட்டனைப் பார்த்துட்டுப் போடுங்க. சில மாடல்ல பட்டனே இருக்காது, கம்ப்யூட்டருக்குள்ள அவங்க சாஃப்ட்வேர்ல தேடிப் பிடிக்கணும்.

7. '48 வோல்ட்' பட்டன் கன்டென்சர் மைக்குக்கு, கிட்டாருக்கு வேண்டாம், அணைச்சு வைங்க. தெரியாம அழுத்திட்டாலும் பதற வேண்டாம். பெரும்பாலான பெட்டியில அந்தக் கரண்ட் மூணு பின் மைக் இணைப்புக்கு மட்டும்தான் போகும்.

8. பெட்டியில பச்சை விளக்கு மினுக்குது, கம்ப்யூட்டர்ல மட்டும் கோடு அசையலையா? விண்டோஸ் செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுக்குள்ள மைக்ரோஃபோன் போய், ஆப்களுக்கு அனுமதி கொடுங்க. விண்டோஸ் கணக்குல உங்க கிட்டாரும் ஒரு மைக்தான்.

9. அப்பவும் அசையலைன்னா ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல இன்புட் 1, இன்புட் 2 ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க. சின்னப் பெட்டிகள்ல மைக்குக்கு ஒண்ணு, கிட்டாருக்கு ஒண்ணுன்னு பிரிச்சிருப்பாங்க, சாஃப்ட்வேர் எப்பவும் முதல் நம்பரையே பார்த்துக்கிட்டு நிக்கும். டிராக்ல இருக்கிற சிவப்பு பட்டனையும் அழுத்தணும்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

10. விண்டோஸ்காரங்க டிரைவரைக் கம்பெனி இணையதளத்துல இருந்தே இறக்கிப் போடுங்க, பிறகு சாஃப்ட்வேர்ல 'ஏசியோ'ன்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997ல கொண்டு வந்த இந்த வழி, விண்டோஸோட சுத்துப்பாதையை விட்டுட்டு நேரா பெட்டியோட பேசும். ஆடாசிட்டியைச் சாதாரணமா இறக்கினா அதுல ஏசியோ வராது. வாசிக்கிறப்பவே ஆம்ப் எஃபெக்டோட கேட்கணும்னா அது தோதுப்படாது. ஆப்பிள் கம்ப்யூட்டர்ல பெரும்பாலான பெட்டிக்கு டிரைவரே வேண்டாம்.

11. பாட்டுக்கு வாசிச்சுப் பார்க்கலாம்னு பிரவுசர்ல யூடியூபைத் திறந்து வெச்சிருப்பீங்க, ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஊமையாயிடும். சில டிரைவர் ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் வழி விடும். பிரவுசரை மூடிட்டு, சாஃப்ட்வேரை ஒரு தடவை மூடித் திறங்க.

12. ஒரே காதுல கேட்குதா? டிராக்கை ஸ்டீரியோவில இருந்து மோனோவுக்கு மாத்துங்க. கிட்டார் ஒரே ஒயர், ஒரே சிக்னல்தானே. அதுக்கும் சரியாகலைன்னா ஹெட்போனை மாட்டுற பெரிய ஜாக் கன்வர்ட்டரைப் பாருங்க: கறுப்பு வளையம் ரெண்டு இருந்தா ஸ்டீரியோ, ஒண்ணே ஒண்ணுன்னா மோனோ.

13. கெயினைத் திருகுறப்ப கிட்டார் வால்யூம் ஃபுல்லா இருக்கட்டும். உங்க பலத்த அடியை அடிச்சுப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கிற மாதிரி வைங்க. 24 பிட்ல பதிவு செய்யறப்ப சத்தம் கம்மியா இருந்தா அப்புறம் ஏத்திக்கலாம். சிவப்பு விளக்கு எரிஞ்சு வெடிச்ச சத்தத்தை மட்டும் யாராலயும் ஒட்ட வைக்க முடியாது.

14. அடிச்சதுக்கும் காதுல கேட்கிறதுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா பஃபர் அளவைக் குறைங்க. 44,100 ஹெர்ட்ஸ்ல 1024 வெச்சா ஒரு வழிக்கே 23 மில்லி செகண்ட். 128 வெச்சா 3 மில்லி செகண்ட்கூட ஆகாது. போக, வர, யூஎஸ்பி எல்லாம் சேர்ந்தா இன்னும் கொஞ்சம் கூடும். காத்துல சத்தம் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லி செகண்ட் எடுக்கும், அதனால ஆம்ப்லிஃபயர்ல இருந்து நாலடி தள்ளி நின்னு வாசிச்சவங்க இதைக் கண்டுக்கவே மாட்டாங்க.

15. பஃபரைக் குறைச்சதும் படபடன்னு வெடிச்சா லேப்டாப்புக்கு மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். 256க்கு ஏத்துங்க, வைஃபையை அணைங்க, பவர் செட்டிங்கை 'ஹை பெர்ஃபாமன்ஸ்'ல போடுங்க. வாசிக்கிறப்ப 128, மிக்ஸ் பண்றப்ப 1024னு மாத்திக்கிட்டா பழைய லேப்டாப்பே இன்னும் சில வருஷம் ஓடும்.

16. ஒரே அடி ரெண்டு தடவை கேட்குதுன்னா பெட்டியில இருக்கிற 'டைரக்ட் மானிட்டர்', சாஃப்ட்வேர்ல இருக்கிற மானிட்டர் ரெண்டும் ஆன்ல இருக்கு. எஃபெக்டோட கேட்கணும்னா பெட்டியில அணைங்க, வெறும் கிட்டார் போதும்னா சாஃப்ட்வேர்ல அணைங்க.

17. ரெக்கார்ட் செஞ்சது வேகமா, சுதி ஏறி ஒலிச்சா கிட்டாரை டியூன் பண்ணப் போகாதீங்க. 44,100ல பதிஞ்சது 48,000ல ஓடுது. முக்கால் கட்டை கிட்ட ஏறிடும். பெட்டி, சாஃப்ட்வேர், விண்டோஸ் மூணுலயும் ஒரே எண்ணைப் போடுங்க.

18. சரி, இனிமே நம்ம ஊருக்கே உரிய தலைவலி: கொர்ருங்கிற இரைச்சல். கரண்ட்ல இருந்து வருதான்னு கண்டுபிடிக்க ஒரு சுளுவான வழி இருக்குங்க. கம்பியை லேசாப் பொத்திக்கிட்டு, சாஃப்ட்வேர்ல இருக்கிற டியூனரைப் போடுங்க. எதையும் வாசிக்காமலே 'ஜி' காட்டி, முள் கொஞ்சம் ஷார்ப் பக்கம் நின்னா அது கரண்ட்தான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட இரட்டிப்பு 100, ரெண்டுமே ஜி-க்குப் பக்கத்து வீடு. இரைச்சல் நீக்குற ஃபில்டர் போடறவங்களும் 50னு போடுங்க. அமெரிக்கக்காரங்க வீடியோவைப் பார்த்து 60னு போட்டா ஒரு பிரயோஜனமும் இல்லை.

19. அடுத்த சோதனை லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குறது. இரைச்சல் சட்டுன்னு நின்னுட்டா பெட்டி, கிட்டார் ரெண்டும் சுத்தம், குத்தம் சார்ஜர் வழியா வருது. ராத்திரியே சார்ஜ் ஏத்தி வெச்சுட்டு, பேட்டரியில ரெக்கார்ட் பண்ணுங்க, செலவு சுழியம்.

20. சார்ஜர் போட்டே ஆகணும்னா எர்த்தைக் கவனிங்க. மூணு பின்னை ரெண்டு பின்னாக்குற கன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டுட்டு, எர்த் இருக்கிற பாயின்ட்ல நேராச் சொருகுங்க. லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்தா இன்னும் நல்லது. நம்ம பக்கம் மழை மறைவுப் பிரதேசம், பங்குனி சித்திரையில மண்ணு காஞ்சு எர்த் பிடிப்பு குறையும். எர்த் குழியில வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, கிட்டாருக்கு மட்டுமில்ல, ஃபிரிட்ஜுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. இரைச்சல் நிக்குதேன்னு எர்த் பின்னை வெட்டுற யோசனை யாராவது சொன்னா, காது கொடுக்காதீங்க.

21. கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதுன்னா அது சகஜம், கிட்டாரோட வயரிங் சரியா இருக்கு. தொட்டா கூடுதுன்னா ஜாக்குக்குள்ள ஒயர் மாறியிருக்கலாம், மெக்கானிக் கிட்ட காட்டுங்க. சுருக்குன்னு ஷாக் அடிச்சா அந்த நிமிஷமே சுவிட்சை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இதுல சிக்கனம் கூடாது.

22. பிக்கப்ங்கிறது காந்தமும் கம்பிச் சுருளும்தான், பக்கத்துல எந்த மோட்டார் ஓடினாலும் காதைத் தீட்டிக்கும். உட்கார்ந்த நாற்காலியைக் கால்வட்டம் திருப்பிப் பாருங்க, பாதி இரைச்சல் அதுலயே போயிடும். திருகுற மாதிரி ஃபேன் ரெகுலேட்டர் இருந்தா ஃபேனை ஃபுல்லா வைங்க, இல்லை நிறுத்துங்க. மலிவு எல்இடி பல்பை அணைச்சுப் பாருங்க. போனை மடியில வெச்சுக்காதீங்க. பக்கத்து வீட்டுல தறி ஓடுதுன்னா, அது நின்ன பிறகு பொழுதோட ரெக்கார்ட் பண்றதுதான் வழி.

23. ஒத்தைச் சுருள் பிக்கப் இருக்கிற ஐந்து நிலைக் கிட்டார்னா, சுவிட்சை ரெண்டாவது, நாலாவது நிலையில வெச்சுப் பாருங்க. பல கிட்டார்ல அங்கே ரெண்டு சுருள் எதிரெதிராச் சேர்ந்து இரைச்சலைக் கழிச்சிடும். கிப்சன் கம்பெனியோட சேத் லவர் 1955ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்ச ஹம்பக்கரும் இதே தத்துவம்தான். உங்க கிட்டார்ல ஏற்கெனவே இருந்தா புதுசா வாங்க வேண்டியதில்லை.

24. எல்லாம் சரியாயும் கிட்டார் சத்தம் சப்புன்னு இருக்கேன்னு வருத்தப்படாதீங்க. நேரா பெட்டிக்குள்ள போற கிட்டார், தாளிக்காத பருப்பு. ஆம்ப் சிமுலேட்டரும் ஸ்பீக்கர் கேபினட்டும் சாஃப்ட்வேர்ல சேர்த்தாத்தான் மணக்கும். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், முதல்ல அதைப் போட்டுப் பாருங்க. தாளிக்காத டிராக்கையும் ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கிட்டா, நாளைக்கு ரசனை மாறினாலும் மறுபடி வாசிக்க வேண்டாம்.

25. இப்படி நேரா பதியறதுல ஒரு லாபம், அறையில இருக்கிற சத்தம் எதுவும் உள்ளே போகாது. மாரியம்மன் பூச்சாட்டுக்கு வாசல்ல ஸ்பீக்கர் கட்டியிருந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு வேலையைப் பாருங்க. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டணும்னு இல்லை. வீட்டுல பதியறது குறைச்சலும் இல்லை, ஏ.ஆர்.ரஹ்மானோட பஞ்சதன் ஸ்டுடியோவும் 1989ல கோடம்பாக்கத்துல வீட்டோட ஒட்டித்தான் ஆரம்பமாச்சு.

26. ஆம்ப்லிஃபயர்ல இருக்கிற ஸ்பீக்கர் அவுட்டை மட்டும் இன்டர்ஃபேஸ்ல சொருகிடாதீங்க, பெட்டி நிஜமாவே கருகும். ஆம்ப் சத்தமே வேணும்னா மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி வெச்சு, சுத்தி கொடியில ரெண்டு சென்னிமலைப் போர்வையைத் தொங்க விடுங்க. எதிரொலி அடங்கிடும்.

27. ஆக்டிவ் பிக்கப் கிட்டார்னா 9 வோல்ட் பேட்டரி உள்ளே இருக்கும். ஜாக் சொருகியிருக்கிற வரைக்கும் அது செலவாகிக்கிட்டே இருக்கும், வாசிச்சு முடிச்சதும் உருவிடுங்க. சத்தம் மெலிஞ்சு பிசிறடிச்சா பெட்டியைத் திட்டாம பேட்டரியை மாத்துங்க.

28. பெட்டியோட சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்துல பதிஞ்சா, பல கம்பெனிங்க ஏபிள்டன் லைவ் லைட் மாதிரி சாஃப்ட்வேரைச் சும்மா கொடுக்கிறாங்க. வேற வேணும்னா ரீப்பரை 60 நாள் ஓட்டிப் பார்த்துட்டு வாங்கலாம். கள்ள சாஃப்ட்வேரை இறக்கி வைரஸ் வாங்கிக்கிற வேலை வேண்டாம்.

29. இத்தனையும் பார்த்து, வேற கம்ப்யூட்டர்லயும் போட்டு, அப்பவும் பேசலைன்னா பெட்டி நிஜமாவே பழுது. பில்லையும் பிரிச்சப்ப எடுத்த வீடியோவையும் எடுத்துக்கிட்டு, திருப்பி வாங்குற கடைசித் தேதி தாண்டுறதுக்குள்ள ரிட்டர்ன் போடுங்க. அட்டைப்பெட்டியும் உள்ளே இருந்த தெர்மாகோலும் பரண் மேல பத்திரமா இருக்கட்டும்.