இரண்டு அங்குலப் பின்னை நம்பி 55 டன்

துவாக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ டிரெய்லரை இழுக்கும் பழைய ஹார்ஸ் ஒன்றை விலை பேசி வைத்திருப்பதாக அக்கா ஃபோனில் சொன்னாள். சந்தோஷம். சொந்த வண்டியில் பெல் (BHEL) தொழிற்சாலை லோடு ஏற்ற வேண்டும் என்பது உன் நெடுநாள் ஆசை. கூடவே இன்னொன்றும் சொன்னாள்: அதில் டிரெய்லரை மாட்டும் ஃபிஃப்த் வீல் தேய்ந்துவிட்டதாம், "கிடைத்ததை வாங்கி மாட்டிக்கலாம்" என்றாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் எண்கள் மனதில் தங்காது. காகிதத்தில் இருந்தால் கடையில் எடுத்து வைத்துப் பேசலாம்.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, "இது எத்தனை டன் தாங்கும்?" என்றுதான். கடைக்காரரும் வாய்க்கு வந்த ஒரு டன்னைச் சொல்வார். நீ அப்படிக் கேட்காதே. ஃபிஃப்த் வீலுக்கு இரண்டு வேலை. டிரெய்லரின் முன்பக்க எடையைத் தன் தலையில் தாங்குவது ஒன்று. கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் வருகிற இழுப்பையும் இடிப்பையும் தாங்குவது இன்னொன்று. அதனால் அதன் பக்கவாட்டில் இருக்கும் தகட்டில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 'யு' என்பது தலையில் ஏறும் எடை, டன் கணக்கில். 'டி' என்பது இழுவிசை, கிலோநியூட்டன் கணக்கில். ஐ.நா. விதி எண் 55-இல் உள்ள கணக்கு இது. தகடு இல்லாத சாமானை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே.

உன் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடையை உயர்த்தியதே, அதன்படி முன் அச்சுக்கு 7 டன், பின்னால் இரட்டை அச்சுக்கு 21, டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27. கூட்டினால் 55 டன். ஹார்ஸின் வெறும் எடை 9 டன் என்று வைத்துக்கொள். அதன் அச்சுகள் தாங்கக்கூடியது 28. மிச்சம் 19 டன், அதுதான் ஃபிஃப்த் வீல் மேல் ஏறக்கூடிய எடை. டிரெய்லரின் முழு எடை 27-உம் 19-உம் சேர்ந்து 46. இப்போது 28-ஐ 46-ஆல் பெருக்கி, 55-ஆல் வகுத்து, வந்ததை 5.9-ஆல் பெருக்கு. ஏறக்குறைய 138 வரும். அதுதான் உனக்கு வேண்டிய டி. டிரெய்லரின் அடியில் இருக்கும் கிங் பின்தான் ஃபிஃப்த் வீலுக்குள் பூட்டுவது. இரண்டு அங்குலக் கிங் பின்னுக்கான தரமான ஃபிஃப்த் வீல்கள் 150 கிலோநியூட்டனை ஒட்டி, 20 டன் யு-வோடு கிடைக்கின்றன. உனக்கு அது போதும். ஆனால் யு-வில் மிச்சம் ஒரே ஒரு டன்தான் என்பதைக் கவனி. பின்னால் ஒற்றை அச்சு உள்ள ஹார்ஸுக்குப் போடுகிற சின்ன ரகம் விலை குறைவு என்று அதில் கை வைத்துவிடாதே.

அந்த ஒரு டன் எங்கே போகும் என்று கேட்பாய். லோடு ஏற்றும் இடத்தில்தான் போகும். கிங் பின்னிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுவுக்கு 8 மீட்டர் என்று வை. 30 டன் எடையுள்ள ஒரே உருப்படியைச் சரியாக நடுவில் வைத்தால் பின்னுக்கு 15 டன். டிரெய்லரின் சொந்த எடையில் இரண்டரை டன் முன்பக்கம் வரும் என்று கொண்டால் பதினேழரை, கவலையில்லை. அதே உருப்படியை ஒரே ஒரு மீட்டர் முன்னால் தள்ளி வைத்தால் 18.75, சொந்த எடையோடு 21.25. மொத்த எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை, எடைமேடைச் சீட்டு சுத்தமாக இருக்கும், ஆனால் ஃபிஃப்த் வீலும் ஹார்ஸின் பின் அச்சும் அளவு மீறி ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் தள்ளிவிட்டால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. கிங் பின் மேல் எடை குறைந்தால் ஹார்ஸின் சக்கரம் பிடிப்பில்லாமல் சறுக்கும். நம் துவாக்குடி சிட்கோ பட்டறைகளில் கிரேன்காரருக்குக் கை எட்டிய இடத்தில் இறக்கிவிட்டுப் போகிற பழக்கம் உண்டு. டக்ட் மாதிரி இடத்தை அடைக்கும் லோடில் அது பெரிய குற்றமில்லை. ஹெடர் கட்டு, கனமான பிளேட் என்றால் நீ இறங்கி நின்று டேப் பிடித்து இடத்தைக் காட்ட வேண்டும்.

அடுத்தது பொருத்தம். கிங் பின்னில் இரண்டு அங்குலமும் உண்டு, மூன்றரை அங்குலமும் உண்டு. டிரெய்லரில் எது இருக்கிறதோ அதற்குரிய ஃபிஃப்த் வீலையே வாங்கு. இரண்டு அங்குலப் பின்னின் கழுத்து புதிதில் 50.8 மில்லிமீட்டர். அது 49-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வெர்னியர் வைத்து நாலா பக்கமும் அளந்து பார், தேய்மானம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது. ஃபிஃப்த் வீலின் புதுத் தாடைக்குள் தேய்ந்த பின்னைக் கொடுத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளே அடி விழும், புதுச் சாமானும் சீக்கிரம் கெட்டுவிடும்.

இங்கே ஒரு சங்கதியை அழுத்திச் சொல்ல வேண்டும். 1965-இல் பெல் வந்ததிலிருந்து நம் பக்கத்தில் வெல்டிங் தெரிந்தவனுக்குப் பஞ்சமே இல்லை. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இங்கே வந்தது. அதனால் தேய்ந்த பின்னைப் பார்த்ததும், "அண்ணே, நாலு ராடு ஏற்றிக் கடைசல் பிடித்துத் தந்துடறேன்" என்று யாராவது அன்பாகவே சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. கிங் பின் அடித்து உருவாக்கி, சூட்டுப் பதம் கொடுத்த எஃகு. அதன் மேல் வெல்டிங் வைத்தால் அந்தப் பதம் போய்விடும், உள்ளே மயிரிழை விரிசல் விடும், வெளியே பளபளவென்று அளவு சரியாகக் காட்டும். ஃபிஃப்த் வீலைச் சேசிஸோடு சேர்த்து வெல்டு வைப்பதும் அதே ரகம்தான். தயாரிப்பாளர் சொன்ன மவுண்டிங் பிளேட், சொன்ன தரத்துப் போல்ட், சொன்ன அளவு டார்க். சேசிஸின் மேல் விளிம்பில் யாரையும் துளை போட விடாதே.

ஃபிஃப்த் வீலைப் பின் அச்சுகளின் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார வைப்பார்கள். அந்தத் தூரம் வண்டி கம்பெனி குறித்ததாக இருக்கட்டும். பின்னால் போனால் ஸ்டியரிங் லேசாகிவிடும், ரொம்ப முன்னால் வந்தால் முன் அச்சு 7 டன்னைத் தாண்டிவிடும்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் இதே மாதிரி ஃபிஃப்த் வீலை மாட்டி, படுக்கையறை சமையலறை எல்லாம் உள்ள கேம்பரை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அந்தக் கேம்பரின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதம் வரை பின் மேல் வரும். அங்கேயும் இடறுகிற இடம் இதேதான். ஹிட்ச்சில் பெரிய எண் போட்டிருக்கும், பிக்கப்பின் பின் அச்சு அவ்வளவு தாங்காது. சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதன் பலம்தான் முழுச் சங்கிலிக்கும். ஹார்ஸ், ஃபிஃப்த் வீல், போல்ட், கிங் பின், டிரெய்லர் அச்சு, டயர் என்று வரிசையாக எழுதி, எதிரே அது தாங்கும் எண்ணையும் உன் லோடில் அதற்கு வரும் எண்ணையும் போடு. எதில் மிச்சம் மிகக் குறைவோ, அதுதான் உன் வண்டியின் தரம்.

பாய்லர் டிரம்மை ஹைட்ராலிக் ஆக்சிலில் ஏற்றிப் புல்லர் வைத்து இழுக்கிறார்களே என்று அதைப் பார்த்து மயங்காதே. அங்கே எடை முழுவதையும் ஆக்சில் வரிசைகளே சுமக்கின்றன, புல்லர் டிரா பாரால் இழுக்க மட்டும் செய்கிறது. உன் வண்டி சுமக்கவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும்.

வாடகை பேசும்போது, "இன்னும் ஐந்து டன் போட்டுக்கோ, பார்த்துத் தர்றேன்" என்பார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஐந்து டன்னுக்கு 30,000. மிகுதி லோடை அங்கேயே இறக்கச் சொல்லவும் அதிகாரம் உண்டு. திருச்சி அரைவட்டச் சாலையில் பஞ்சப்பூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறவனுக்கு நடுவழியில் கிரேன் யார் கொண்டுவந்து தருவார்கள்?

டிரெய்லரை மாட்டியதும் கைப்பிடி உள்ளே போய்விட்டது என்று நம்பிக் கிளம்பாதே. டார்ச்சோடு அடியில் குனிந்து பார். தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். மேல்தட்டுக்கும் டிரெய்லர் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பின் தாடைக்கு மேலே ஏறி நிற்கிறது என்று அர்த்தம், மறுபடி கழற்றி மாட்டு. பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறைந்த கியரில் மெல்ல முன்னால் இழுத்துப் பார். அதன் பிறகுதான் லேண்டிங் லெக்கை முழுக்கத் தூக்க வேண்டும். கிளீனர் பையன் பார்த்தேன் என்று சொன்னாலும் நீயும் ஒரு தடவை பார். கிரீஸைத் தட்டில் பூசுவதோடு நிறுத்தாமல் தாடைக்குள்ளும் கொடு. பழைய கிரீஸில் மணல் ஏறி அரத்தைப் போல அராவும், அதைத் துடைத்துவிட்டுப் புதிது வை.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் பொறு. ஹார்ஸின் ஆர்.சி., டிரெய்லரின் ஆர்.சி., வாங்கப்போகும் ஃபிஃப்த் வீலின் தகடு, கிங் பின்னில் வெர்னியர் காட்டுகிற அளவு, நாலையும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கணக்கு சரியாக வந்தால் அன்றைக்கே பணத்தைக் கட்டு. வராவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடு, துவாக்குடியில் வேறு ஹார்ஸ் கிடைக்காமல் போகாது.

அன்புடன்,
உன் மாமா