வீசியெறிந்த குப்பை யாருக்குச் சொந்தம்?

ஒருவரின் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற நோக்கத்துடன் எடுத்துச் செல்வதையே இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டு என்பதால், உரிமையாளரே வேண்டாமென்று கைவிட்டதை எடுப்பது பொதுவாக அதில் அடங்காது. குப்பையிலிருந்து மறுசுழற்சிக்குரியவற்றைப் பொறுக்கிப் பிழைப்போரை உள்ளாட்சிகள் அங்கீகரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறியிருந்த நிலையில், சென்னை ராஜா அண்ணாமலைபுரத் தெருத்தொட்டியருகே சாக்குடன் நிற்பவரைத் திருடர்போல விரட்டுவது முறையாகாது. ஆனால் அடுக்ககச் சுற்றுச்சுவருக்குள் உள்ள தொட்டிக்காக அனுமதியின்றி நுழைவது அத்துமீறலாகலாம்.

குப்பையிலுள்ள தகவலைப் பொறுத்தவரை, தெருவோரம் வைத்த பையைக் காவலர் பிடியாணையின்றிச் சோதிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் கிரீன்வுட் வழக்கில் தீர்ப்பளித்தது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் அறிவித்தது உண்மையாயினும், அந்தத் தீர்ப்பை நம்பி வங்கிக் கடிதத்தை முழுதாக வீசுவோரின் துணிச்சல் வியப்புக்குரியது. ஆகவே கணக்கு எண், ஆதார் எண் உள்ள தாள்களைப் பொடியாகக் கிழிப்பதும், கூரியர் பெட்டியில் பெயரும் கைப்பேசி எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாளை உரித்தபின்பே காயலான் கடைக்குக் கொடுப்பதும் நலம். தகவலோடு பிறர் பாதுகாப்பையும் எண்ணி, உடைந்த கண்ணாடி, ஊசி ஆகியவற்றைத் தடித்த தாளில் சுற்றித் தனியே, விவரம் சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைத்தால், வெறுங்கையால் பிரிப்பவரின் விரல் தப்பும்.