கை மட்டும் உறங்கியது

சென்ற ஆண்டு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் என் மாமாவின் இரண்டு விரல்கள் பிரஸ் இயந்திரத்தில் நசுங்கின. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர், "டாக்டருங்க பேசினதெல்லாம் காதுல விழுந்துச்சு கண்ணு. கை மட்டும்தான் தூங்கிடுச்சு" என்றார். விழித்திருப்பவருக்கு வலிக்காதா? எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் நான் அறிந்ததை எழுதுகிறேன்.

விரலில் முள் குத்தினால் வலியை உணர்வது விரலன்று, மூளையே. செய்தியைக் கொண்டு செல்பவை நரம்புகள். சோடியம் அயனிகள் நரம்பினுள் நுழைவதால்தான் செய்தி நகர்கிறது. லிக்னோகெயின் போன்ற மருந்துகள் அந்த வாயிலை அடைத்துவிடுகின்றன. ரயில்வே கேட் மூடினால் சாலையில் வண்டிகள் நிற்பதுபோல வலியும் வழியிலேயே நின்றுவிடும். மருந்தின் வேகம் தணிந்ததும் கேட் திறந்துகொள்ளும்.

கைக்குரிய நரம்புகள் ஐந்து வேர்களாகக் கழுத்தருகே தண்டுவடத்திலிருந்து புறப்பட்டு, ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்பின் பின்புறமாக அக்குளுக்கு வருகின்றன. இந்தப் பின்னலைச் சுற்றி மருந்தைச் செலுத்தினால் கை முழுவதும் மரத்துப்போகும். காறை எலும்பினருகே நுரையீரலின் நுனியும் இருப்பதால் மிகுந்த கவனம் தேவை. இன்று பல மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துகிறார்கள்.

காலுக்கு முதுகில் ஊசி போடுகிறார்கள். இம்முறையில் 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவர் முதன்முதலாக அறுவை செய்தார். 1908இல் அவரே, கையைப் பட்டையால் இறுகக் கட்டி, இரத்தக்குழாயில் மருந்து செலுத்தி மரக்கச் செய்யும் முறையையும் வெளியிட்டார்.

நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கைக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். தொழிற்பேட்டைகள் நிறைந்த நம் பகுதிக்கு இத்தகைய சிகிச்சை எவ்வளவு தேவை!

ஒன்றை மறக்கலாகாது. அன்று மாலை மாமாவின் மரத்த கைமேல் சூடான காபி டம்ளர் சாய்ந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அத்தைதான் பதறி எடுத்தார். வலி நம் உடலின் காவற்காரன். மருத்துவர் அவனுக்குச் சில மணி நேரம் விடுமுறை தருகிறார். அந்த நேரத்தில் காவல் காப்பது வீட்டாரின் கடமை: கையைத் தொட்டிலிட்டுத் தாங்க வேண்டும்; சூட்டையும் கூர்மையான பொருள்களையும் விலக்க வேண்டும்.

மாமாவின் ஒரு விரல் முழுதாகப் பிழைத்தது. மற்றொன்று நுனியை இழந்தது. அந்தக் கையாலேயே இன்று எனக்குச் சைக்கிள் ஒட்டுப்போட்டுத் தருகிறார்.

— பத்தாம் வகுப்பு மாணவி