மேட்டு நிலத்துக்கும் சட்டம் உண்டு

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் சாலையோரக் கொல்லைகளில் இது இப்போது வழக்கமான காட்சி. ராகி அறுத்த தாள் இன்னும் மண்ணில் நிற்கும். அதன் நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அந்தக் கல் வரும் முன்பே விசாரித்திருக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. ஊரில் பேசுவது என்ன, சட்டம் சொல்வது என்ன என்று பார்ப்போம்.

நம்பிக்கை: காவிரி நம் ஒகேனக்கல்லைத் தாண்டித்தான் டெல்டாவுக்குப் போகிறது. அதனால் தருமபுரியும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தான்.

உண்மை: இல்லை. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களுக்கும் உரியது. நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை 2023இல் சேர்க்கப்பட்டது. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டவோ, செம்பு உருக்காலையோ தோல் ஆலையோ தொடங்கவோ முடியாது. காவிரிக் கரையிலுள்ள கரூருக்கே அதில் இடமில்லை. நமக்கு இருப்பவை மாநிலம் முழுமைக்குமான பொதுச் சட்டங்கள்தான்.

நம்பிக்கை: பட்டா என் பெயரில் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் தரிசாகப் போட்டால் பிளாட் போட்டு விற்கலாம்.

உண்மை: பயிர் வைக்காத வருஷம் அடங்கலில் தரிசு என்று ஏறும், அவ்வளவுதான். அ பதிவேட்டில் புஞ்சை புஞ்சையாகவே நிற்கும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத கிராமங்களில்கூட, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி, விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளுக்குப் பத்திரம் பதியக் கூடாது என்பது பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. அதன் பிறகு கல் நட்டவர்களுக்கு அந்த வழி இல்லை. சிறுகச் சேர்த்த பணத்தில் மனை வாங்கிய குடும்பம்தான் கடைசியில் அலைகிறது.

நம்பிக்கை: விவசாய நிலத்தில் பயிரைத் தவிர எதுவுமே கூடாது.

உண்மை: இதுவும் தவறு. முழுமைத் திட்டம் உள்ள பகுதிகளில், 2019ஆம் ஆண்டு கட்டட விதிகள் வேளாண் மண்டலத்தில் பண்ணை வீடு, மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை போன்றவற்றை ஏற்கின்றன. கட்டட அனுமதி மட்டும் தனியாக வாங்க வேண்டும். சூரிய மின்சாரத்துக்கும் வழி இருக்கிறது. 2019இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் விவசாயி 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை உற்பத்தி செய்து விற்கலாம். சாகுபடி நிலமாக இருந்தால் பேனல்களைத் தூண்களில் உயர்த்தி, இடைவெளி விட்டு, கீழே பயிர் வளரும்படி அமைக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1965இல் வந்த வில்லியம்சன் சட்டமும் இதே நோக்கில்தான் போகிறது: விவசாயத்தோடு ஒத்துப்போகும் பயன்களை மட்டும் அனுமதித்து, பதிலுக்கு நிலவரியைக் குறைக்கிறது. மண் விளைநிலமாகவே இருக்கிறதா என்பதுதான் எங்கும் கேள்வி.

நம்பிக்கை: எரிவாயுக் குழாய் போனால் நிலம் கைவிட்டுப் போய்விடும். இதற்கு நேர்மாறாக, குழாய் புதைத்தபின் நிலம் பழையபடிதான் என்றும் சொல்வார்கள்.

உண்மை: இரண்டுமே சரியல்ல. கொச்சியிலிருந்து பெங்களூரு செல்லும் கெயில் குழாய்க்குத் திட்டமிட்ட பாதையில் உள்ள ஏழு தமிழக மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. குழாய் பதிப்பதற்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்களுடையதே. அரசு எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். ஆனால் குழாய் போகும் பட்டையில் கட்டடம் கூடாது, கிணறு, குளம் வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. ராகியும் நிலக்கடலையும் விதைக்கலாம். மா, தென்னை, புளி முடியாது. மாந்தோப்பை நம்பி வாழும் மாவட்டத்துக்கு இது எத்தனை பெரிய இழப்பு! இதற்குச் சட்டம் தருவது சந்தை மதிப்பில் பத்து சதவீதமும், பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த சேதத்துக்கான ஈடும். நியாயமான தொகை அல்ல அது.

நம்பிக்கை: பாசனம் உள்ள, பலபோகம் விளையும் நிலத்தை அரசு எடுக்கவே முடியாது.

உண்மை: 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு அத்தகைய நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. ஆனால் சாலை, ரயில் பாதை, மின்பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு இந்தக் காப்பு பொருந்தாது. சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் அளவைக் கல் நட்டபோது இங்குள்ள விவசாயிகள் அதை நேரில் கண்டார்கள்.

ஆகவே அட்வான்ஸ் கைக்கு வரும் முன்பே அ பதிவேடு, அடங்கல், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். தரிசாய்க் கிடந்த கொல்லையை ஒரு மழைக்கு உழுதுவிடலாம். மனையாகிப்போன கொல்லையில் மறுபடி ஏர் பூட்ட முடியாது.