ஈ.சி.ஜி. தாளில் எதைப் பார்க்கிறார்கள்?

ஈ.சி.ஜி. தாளில் அளக்கக்கூடியவை பல உண்டு. ஆனால் எல்லா அளவும் ஒரு நோயாளியை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு நிமிடத்துக்கு 110 துடிப்பு. காய்ச்சலிலும் பதற்றத்திலும் அப்படித் துடிக்கும். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனப்படும் இதய மேலறை நடுக்கத்திலும் துடிக்கும். எனவே வேகம் மட்டும் போதாது. மேலறை நடுக்கத்தைக் காட்டிக் கொடுப்பவை இரண்டு:

1. துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறுவது.
2. உயர்ந்த கூர்முனைக்கு முன் வரவேண்டிய 'பி' அலை என்ற சிறு மேடு இல்லாமல் போவது.

முதலாவது மட்டும் போதுமா? போதாது. இடையிடையே மிகைத்துடிப்பு வருபவருக்கும் நேரம் மாறும். ஆனால் அவருடைய வழக்கமான துடிப்புகளில் 'பி' அலை இருக்கும்.

கணினிக்குக் கற்பிக்கும்போதும் இதே பாடம்தான். சில நூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு ஆயிரம் அளவுகளைக் கொடுத்தால், அவர்களுக்கிடையே தற்செயலாக உள்ள வேறுபாடுகளையும் அது நோய்க்குறி என்று மனப்பாடம் செய்துவிடும். புதிய நோயாளியிடம் தவறிவிடும். ஆகவே பயனுள்ள சில அளவுகளைத் தெரிவு செய்து, கணினி முன்பு காணாத நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள்.

இதில் நமக்கென்ன? மேலறை நடுக்கம் பக்கவாத ஆபத்தைச் சுமார் 5 மடங்கு கூட்டுகிறது. பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களின் மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் தொட்டுப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் துடித்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இது வந்து வந்து போகலாம். ஒருமுறை எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், நாடி மீண்டும் தடுமாறினால் 24 மணி நேரப் பதிவு தேவையா என்று கேளுங்கள்.