கைப்பேசியும் கைப்பொருளும்

பொருளை ஈட்டுதலினும் ஈட்டிய பொருளைக் காத்தல் அரிது. முன்னாளில் நம் பாட்டிமார் தம் சிறு பணத்தை அடுக்குப் பானையிலும் முந்தானை முடிச்சிலும் வைத்துக் காத்தனர். இந்நாளிலோ அது வங்கிக் கணக்கில் ஓர் எண்ணாய் அமைந்து, கைப்பேசி வழியே வருவதும் போவதுமாய் இருக்கின்றது. பொருள் இருக்கும் இடம் மாறியபின் காவல் முறையும் மாற வேண்டுமன்றோ? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஆலங்காயம் என் ஊர். 2016ஆம் ஆண்டு யூ.பி.ஐ. என்னும் பணமாற்று முறை நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி, மாதம் 1,000 ரூபாயை வங்கிக் கணக்கிற்கே அனுப்பலாயிற்று. இவற்றால், வங்கி வாயிலையே அறியாதிருந்த மகளிரும் கணக்கும் கைப்பேசியும் உடையராயினர். மலையிறங்கி வந்து ஒரு நாட் கூலியை இழந்து காத்துநிற்கும் துன்பம் பெரிதும் குறைந்தது. எனினும், நல்லார் செல்லும் வழியே கள்வரும் வருதல் உலக இயல்பு.

சென்ற ஆண்டு என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததை ஈண்டுக் கூறுவேன். “வங்கியிலிருந்து பேசுகிறோம், மாலைக்குள் விவரம் தராவிடில் உங்கள் கணக்கு முடங்கும்” என்று ஒருவன் அழைத்தான். அஞ்சிய அவர், அவன் அனுப்பிய செயலியைக் கைப்பேசியில் ஏற்றி, அது கேட்ட அட்டை எண் முதலியவற்றையும் எழுதினார். அச்செயலி அவர்க்கு வந்த குறுஞ்செய்திகளையெல்லாம் கள்வனுக்குக் காட்டிக்கொடுத்தது. அன்றே 10,000 ரூபாய் போயிற்று. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எஞ்சிய 8,000 ரூபாயும் போயிற்று. விடுமுறைக்குச் சென்ற என்னிடம் ஒன்பதாம் நாள் கண்ணீருடன், “தம்பி, நீங்களெல்லாரும் நகைப்பீர்களே என்றுதான் வாய் திறக்கவில்லை” என்றார். முதல் இழப்பு கள்வனால் நேர்ந்தது. இரண்டாம் இழப்போ வெட்கத்தால் நேர்ந்தது.

1906ஆம் ஆண்டு சென்னையில் ஆர்பத்நாட் வங்கி முறிந்தபோது, பணம் வைத்தவர் ஒன்றும் அறியாமலே அவர் பொருள் அழிந்தது. இக்காலக் கள்வனோ பெரும்பாலும் வங்கியின் பூட்டை உடைப்பதில்லை. உடையவர் கையைக் கொண்டே அதனைத் திறப்பிக்கின்றான். அச்சம், அவசரம், ஆசை என்னும் மூன்றுமே அவனுடைய கருவிகள். ஆதலின் காவலும் நம்மிடத்தே தொடங்குதல் வேண்டும்.

முதலாவது, யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை; கொடுப்பதற்கே வேண்டும். “உமக்குப் பணம் வருகிறது, எண்ணை அழுத்துக” என்பவன் கள்வனே என்று துணிக.

இரண்டாவது, ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணை எவர்க்கும் கூறலாகாது. வங்கி அலுவலர் அதனைக் கேட்பதில்லை. அயலார் அனுப்பும் செயலியையும் ஏற்றலாகாது.

மூன்றாவது, இணைய முகவரியை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும். ஏட்டுச் சுவடியில் ஓரெழுத்து மாறினும் பொருள் திரிவதைத் தமிழ் மாணவர் அறிவர். போலி முகவரியும் பெரும்பாலும் ஓரெழுத்தாலேயே வேறுபடும். இதுபற்றியே நம் வங்கிகள் ‘பேங்க்’, ‘இன்’ என்னும் சொற்களில் முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் மாறவேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது.

நான்காவது, காவலர் உடையில் திரையில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்தோம் என்று மிரட்டுவோர்க்கு அஞ்சலாகாது. அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை.

ஐந்தாவது, இவையனைத்தினும் தலையாயது: இழப்பு நேரின் உடனே 1930 என்னும் எண்ணிற்கும் வங்கிக்கும் அறிவித்தல் வேண்டும். களவுபோன பணம் விரைவில் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் பின் ரொக்கமாய் எடுக்கப்படும். அதற்குள் செய்தி எட்டினால் இடையிலேயே அதனை முடக்கலாம். 2017ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியும் இதனையே வலியுறுத்திற்று. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு அறிவிக்கும் வரை அவரைச் சாரும். அறிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும் என்று அது வகுத்தது. முதல் நாளிலேயே என் பெரியம்மா அறிவித்திருப்பின், அந்த 8,000 ரூபாயேனும் எஞ்சியிருக்கும்.

ஆலங்காயத்திற்கு அணித்தேயுள்ள காவலூரில் 1986ஆம் ஆண்டு நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி எட்டாத விண்மீனையும் ஆராய்கின்றது. நாமோ உள்ளங்கையிலுள்ள திரையை ஒருமுறை உற்றுநோக்கவும் மறக்கின்றோம். நண்பர்காள்! விடுமுறைக்கு வீடு செல்லும்போது தாய்மாரையும் பாட்டிமாரையும் அருகிருத்தி இவற்றை எடுத்துரைப்பீர். ஏமாந்தவரை ஒருபோதும் எள்ளாதீர். நம் நகைப்புக்கு அஞ்சி அவர் வாய் மூடுவராயின், கள்வனுக்கு நாமே துணையாவோம். கற்ற கல்வி பெற்றோர் பொருளைக் காக்கவும் பயன்படுமாக!